எதிர்ப்பக்கத்துக் கை

முதல் நாள் கைப்பிடியைப் பிடித்து இழுத்தபோதே இருளப்பனுக்குத் தெரிந்துவிட்டது, கயிற்றின் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று. வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால், காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். டீ வண்டிகூட ஆளில்லாமல் தானாக உருண்டு வருகிற கண்ணாடிக் கட்டடம் அது. அங்கே ஒரு லோடுமேன் பேச்சை யார் நம்புவார்கள்? அவனுக்கும் அங்கே யார் பேச்சிலும் நம்பிக்கை இல்லை.

விருதுநகர் மிளகாய் வத்தல் பேட்டையில் மீசை முளைத்த நாளிலிருந்து மூட்டை தூக்கியவன். ஐப்பசி மழைக்குச் சரக்குக் கிட்டங்கிக்குள் தண்ணீர் புகுந்த அன்றைக்கு, எலி செத்து மிதந்த தண்ணீரில் வெறுங்காலோடு நின்று மூட்டைகளை மேலே ஏற்றினான். குதிகாலில் ஒரு வெடிப்பு. அது வழியாக ஏறியதுதான் எலிக்காய்ச்சல். கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்று, கடைசியில் மூச்சும் நிற்கப் பார்த்தது. தொண்டையில் குழாயைச் செருகி மிஷின்தான் அவனுக்காக மூச்சு விட்டது. எத்தனை நாள் அப்படிக் கிடந்தான் என்று பெண்டாட்டி சீனியம்மாளுக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டாள்.

உயிர் திரும்பி வந்து பார்த்தபோது உடம்பைக் காணோம். தொடை இருந்த இடத்தில் தோல் தொங்கியது. புஜம் பிள்ளைக் கை மாதிரி ஆகிவிட்டது. நிறைமூட்டையை முதுகில் வாங்கி ஏணிப்பலகையில் ஓடியவனுக்கு டம்ளர் தண்ணீரைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வத்தல் காம்பு கிள்ளிக் கிள்ளிக் காரம் ஏறிய விரல் என்பதால், சீனியம்மாள் அவன் வாயைக் கையால் துடைக்க மாட்டாள். முந்தானையால் ஒற்றுவாள். அந்த ஒற்றலுக்கே அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

அப்படி இருந்தவனைத்தான் மதுரை ரிங் ரோட்டில் இருக்கிற இந்த மறுபலம் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் இலவசம். சந்தேகம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வேலை என்னவோ எளிதுதான். தரையோடு பூட்டிய ஒரு நாற்காலி. உட்காரவைத்து வார் கட்டுவார்கள். நெஞ்சுக்கு நேரே ஒரு கைப்பிடி. அதிலிருந்து கிளம்புகிற கயிறு சுவரில் உள்ள ஓட்டைக்குள் போய் மறைந்துவிடும். விளக்கு பச்சையானால் இழுக்க வேண்டும். சிவப்பானால் அது இழுக்கும், இவன் விடாமல் தாங்க வேண்டும்.

உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் தஸ்லிமா. சின்ன வயசு, சிரித்த முகம். அவள்தான் விளக்கம் சொன்னாள்.

"காய்ச்சல்ல கிடக்கும்போது உடம்புக்குத் தீனி பத்தாதுண்ணே. தசையைக் கரைச்சுத் தின்னுதான் உசுரக் காப்பாத்தும். படுத்தே கிடந்தா இன்னும் வேகமாக் கரையும். முட்டையும் பருப்பும் மட்டும் தின்னா அது திரும்பி வராது. எதுத்து நிக்க ஒண்ணு வேணும். அப்பத்தான் தசைக்கு, ஓகோ நாம இன்னும் தேவைதான் போலன்னு உறைக்கும்."

"சரி தாயி. செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஸ்பிரிங்குண்ணே. கம்ப்யூட்டர் பாத்துப் பாத்துக் கூட்டும், குறைக்கும்."

பேட்டைத் தராசுகளில் ஸ்பிரிங்கைப் பார்த்தவன் அவன். ஸ்பிரிங் இழுக்க இழுக்க முறைக்கும், விட்டால் சுருங்கும். அதற்கு மூச்சு வாங்காது. இது மூச்சு வாங்கியது. சில காலையில் சுணங்கியது. ஒரு தடவை பாதி இழுப்பில் குலுங்கிக் குலுங்கி நின்றது, இருமல் வந்த ஆள் மாதிரி.

'ஸ்பிரிங்காம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் கயிற்றைச் சரிபார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் சூசை. அருப்புக்கோட்டைப் பக்கம் ஓடுகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். இவனைவிட மூத்தவர். நிமோனியாவில் விழுந்து இதே மாதிரி குழாயில் கிடந்து மீண்டவர். அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு, நடையின் அடுத்த கோடியில் வேறு அறையில். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். திருப்பூரில் இருக்கிற மகன் போனில் மட்டும் வருவான். எழுந்து நடக்காவிட்டால் முதியோர் காப்பகம்தான் என்று அவன் போனிலேயே சொல்லிவிட்டான். இத்தனைக்கும் மனுஷர் வாய் மட்டும் ஓய்ந்ததில்லை.

"யோவ் மூட்டை, ஓசியில ஒண்ணு குடுக்குறாய்ங்கன்னா நம்மகிட்ட எடுக்க என்னமோ இருக்குன்னு அர்த்தம்யா."

"நம்மகிட்ட எடுக்க என்ன கண்டக்டரே இருக்கு? எலும்பும் தோலும்."

"கயிறு எங்க போகுதுன்னு பாத்தியா? கீழ கிரைண்டர் ஓடுதோ என்னமோ. நீ இங்க இழுக்க இழுக்க எவன் வீட்டுக்கோ இட்லி மாவு அரைபடுது."

"அப்ப ஒம்ம மிஷினு?"

"எனக்குச் சட்டினி."

சிரித்துச் சிரித்து இருவருக்கும் இருமல் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகும் பேச்சு இருளப்பனுக்குள் தங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க அவன் தூக்கிய எதுவும் அவனுடைய மூட்டை இல்லை. செத்துப் பிழைத்த பிறகும் எவனுக்கோ தூக்க வேண்டுமா? மறுநாளிலிருந்து இழுப்பில் பாதியைத் தனக்குள் வைத்துக்கொண்டான். பல்லைக் கடிப்பான், முக்குவான், நெற்றி வேர்க்கும். பலத்தை மட்டும் கொடுக்க மாட்டான். கூலி சரியில்லாத கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற மாதிரி.

இழுக்கிற பலத்தை அளக்கிற முதல் சோதனையில் எண் ஏறவில்லை. இரண்டாவதிலும் ஏறவில்லை. பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று, கோபமில்லாமல்தான் சொன்னார்: "அடுத்த சோதனையிலயும் இப்படியே இருந்தா வீட்டுக்கு அனுப்பிருவோம். நாற்காலிக்குக் காத்திருக்கிற ஆளுங்க நிறைய. எங்களுக்கும் வேற வழியில்ல." அதே வார்த்தையைச் சூசையின் கட்டிலுக்குப் போயும் சொன்னார். சூசை அன்றைக்குப் பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் சீனியம்மாள் வந்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலேயே கேட்டாள்.

"ஏங்க, வேணும்னே இழுக்காம இருக்கீகளா?"

"யாரு சொன்னா?"

"ஒங்க மூஞ்சி சொல்லுது. ரேசன் கடைக்காரன் எடை போடுறப்போ இப்படித்தான் மூஞ்சிய வச்சிருப்பீக."

"அந்தப் பக்கம் ஆளு இருக்குடி. ஸ்பிரிங்குன்னு பொய் சொல்றாக."

சீனியம்மாள் அவனைப் பைத்தியம் என்று நினைக்கவில்லை. அவளும் பேட்டைக்காரிதான்.

"ஆளு இருந்தா என்ன? ஆளு இருந்தா ஒங்களுக்கு இழுக்க வராதா? இங்க பாருங்க. ஒங்களத் தூக்கிக் குளிப்பாட்ட எனக்கு மனசு இருக்கு, இடுப்பு இல்ல. கட்டில்ல போட்டுட்டுத்தான் வேலைக்குப் போகணும். நீங்க மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும். அதுக்குச் சம்மதம்னா இழுக்காதீக."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து கரண்டியால் ஊட்டினாள்.

மறுநாள் காலை ஒரு முடிவோடுதான் நாற்காலியில் உட்கார்ந்தான். கயிற்றின் அந்தப் பக்கம் இருப்பது எது என்று தெரியாமல் இனி ஒரு இழுப்பும் இழுப்பதில்லை.

வத்தல் கிட்டங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நெடி ஏறாமல் இருக்க வாயையும் மூக்கையும் துண்டால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள், பேச முடியாது. மூட்டையின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு கொக்கியைப் போட்டதும், ஒருவன் லேசாக இரண்டு தடவை வெட்டி இழுப்பான். நான் தயார், நீ? என்று அர்த்தம். மற்றவனும் இரண்டு வெட்டு கொடுத்தால் மூட்டை மேலே போகும். அப்புறம் ஒன்று: தூக்கும்போது எதிர்முனை நடுங்கினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் உடனே இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சோடிக்காரன் கால் போய்விடும். இருளப்பனோடு சோடி போட்டவன் எவனுக்கும் கால் நசுங்கியதில்லை என்று பேட்டையில் பேர்.

பச்சை விளக்கு எரிந்தது. இழுக்கவில்லை. லேசாக இரண்டு வெட்டு வெட்டினான்.

கயிறு அசையாமல் கிடந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, தயங்கித் தயங்கி, இரண்டு வெட்டு வந்தது.

இருளப்பன் கைப்பிடியை விட்டுவிட்டான்.

"தாயி, வாரை அவுத்துவிடு. யாரு அது?"

"எதுண்ணே?"

"ஸ்பிரிங்கு பேசாது தாயி. இது பேசுது. நீ சொல்லலைன்னா இப்ப கூப்பாடு போட்டு வார்டையே கூட்டிருவேன்."

தஸ்லிமா போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து அவன் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ஆளுதாண்ணே. ஒங்கள மாதிரியே காய்ச்சல்ல உருகி எந்திரிச்ச ஆளு. அவங்க நாற்காலிக் கயிறுதான் இது. அவங்களுக்கு நீங்க பாரம், ஒங்களுக்கு அவங்க பாரம்."

"எதுக்கு இந்த வேலை? இரும்புக் குண்டு கிடைக்கலையா?"

"இரும்ப வச்சு எத்தனையோ பாத்தாங்க. நீங்க கிடந்த கிடையில தசை மட்டும் போகலண்ணே, அதுக்குச் சேதி சொல்ற நரம்பும் தூங்கிப் போச்சு. இரும்பு ஒரே மாதிரி இழுக்கும். நரம்பு அதைப் பழகிட்டு மறுபடி தூங்கிரும். உசுருள்ள கை இழுத்தா அடுத்து என்ன வரும்னு தெரியாதில்ல? அதுக்குத்தான் முழிக்குது. அதுவும் ஒங்க அளவுக்கே நலிஞ்ச ஆளா இருக்கணும். நல்ல பலசாலியா இருந்தா எலும்பு முறிஞ்சிரும்."

"அப்ப இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னோம்ணே. ஆரம்பத்துல சொல்லித்தான் உக்கார வச்சோம்." அவள் குரல் இறங்கியது. "எல்லாரும் விட்டுக்குடுத்துட்டாங்க. பாவம், அந்தப் பக்கமும் நோயாளிதானேன்னு இவங்க மெதுவா இழுக்க, அதே நெனப்புல அவங்களும் மெதுவா இழுக்க, ரெண்டு பேருமே எந்திரிக்கல. நல்ல மனசுக்காரங்கதான் படுத்த படுக்கையா வீட்டுக்குப் போனாங்க. அதுக்கப்புறம்தான் ஸ்பிரிங்குன்னு சொல்ல ஆரம்பிச்சோம்."

இருளப்பன் சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தான்.

"ஒரு கயிறுக்கு ரெண்டு எண்ணு கிடையாதுண்ணே. நீங்க எவ்வளவு இழுக்கிறீங்களோ அதுதான் அவங்களுக்கும் கணக்கு. நீங்க வேணும்னே அடக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். இன்னொண்ணு ஒங்களுக்கே தெரியாது. எதிர்க்கை நடுங்குன உடனே நீங்க இறக்கிடுறீங்க. ஒவ்வொரு தடவையும்."

அது அவனுக்கு உறைத்தது. இறக்குவது அவன் இல்லை, கை. இத்தனை வருஷம் சோடிக்காரன் காலைக் காத்த கை.

"அவங்களுக்கும் அடுத்த சோதனைதான் கடைசி" என்றாள்.

"யாரு அது?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு வருகிற வழி முழுக்க அவன் மனசு இதையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. ஸ்பிரிங் என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. இப்போது ஆள் என்று சொல்லி, அழுகிற மாதிரிக் குரலை இறக்கி, முழுப் பலத்தையும் கறக்கப் பார்க்கிறார்களோ? அந்த இரண்டு வெட்டைக்கூட மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாமே? ஆளில்லாமல் டீ வண்டியை ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு வேலையா?

அந்த டீ வண்டி வந்தது. சூசைக்கு டம்ளர் பிடிக்க வராது, கை ஆடும். தினமும் இருளப்பன்தான் தன் இரண்டு கையாலும் பிடித்து அவர் வாயில் வைப்பான். பிறகு அவர் இவனுக்குப் பிடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சூசை உதட்டைத் துடைத்தார்.

"யோவ் மூட்டை, இன்னைக்கு ஒரு கூத்து. என் மிஷினு காலையில லேசா ரெண்டு வெட்டு வெட்டுச்சுய்யா. எங்க பாசையில ரெண்டு விசில்னா போலாம் ரைட்டு. கை சும்மா இருக்குமா? நானும் ரெண்டு குடுத்தேன். அவ்வளவுதான், மிஷினு பொத்துன்னு நின்னுபோச்சு. சட்டினி கெட்டுப்போச்சு போல."

டம்ளர் இருளப்பன் கையில் சரிந்தது. டீ சூசையின் மார்பில் சிந்தியது.

"என்னய்யா, கவனத்த எங்க வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல கண்டக்டரே."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பக்கம் நான்தான்யா, நாளைக்கு ரெண்டு பேரும் ஒரு கை பாத்துருவோம் என்று சொன்னால் மனுஷர் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்துவிட்டு, காலையில் விட்டுக்கொடுத்துவிடுவார். கால் மடக்க முடியாத கிழவிக்கு ஓடுகிற பஸ்ஸில் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு ஊர் வரைக்கும் நின்றுகொண்டே போகிற ஆள். இவனைப் பற்றியும் அவருக்குத் தெரியும்: சீனியம்மாள், அவள் இடுப்பு, எல்லாம். எனக்கென்ன, ஒண்டிக்கட்டை, நீ எந்திரிய்யா என்று கையைத் தளர்த்துவார். தளர்த்தினால் இரண்டு பேரும் கிடக்க வேண்டியதுதான்.

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சோதனை அன்று காலை, சக்கர நாற்காலியில் போகும்முன் சூசையின் சட்டைப் பொத்தானை இவன்தான் போட்டுவிட்டான். விரல் நடுங்கியதால் ஒரு பொத்தான் மாறிப்போனது. "கல்யாண மாப்பிள்ளைய அலங்கரிக்கிற லட்சணத்தப் பாரு" என்றார் அவர். நடையில் இரண்டு வண்டியும் எதிரெதிர்ப் பக்கம் பிரிந்தன.

வார் கட்டினார்கள். பெரிய டாக்டர் எண் தெரிகிற பலகைக்கு அருகில் நின்றார். பச்சை எரிந்தது.

இருளப்பன் வெட்டிப் பார்க்கவில்லை. நேரே இழுத்தான். இத்தனை நாள் ஒளித்துவைத்த பாதியையும் சேர்த்து இழுத்தான். கயிறு கிளம்பி வந்தது. அந்தப் பக்கத்துக் கை திடுக்கிட்டது இவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகு நடுக்கம். மெல்லிய, வயசான நடுக்கம். இறக்கு இறக்கு என்று தோளும் முழங்கையும் கெஞ்சின. பொத்தான் மாறிப்போட்ட அந்தச் சட்டை கண்ணுக்குள் நின்றது. 'இறக்கினால் அவர் கால் நசுங்கும்' என்று கைக்குத் தெரிந்த பாஷையிலேயே அதற்குச் சொன்னான். விடாமல் இழுத்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

எதிர்க்கை சரிந்துகொண்டே வந்தது. ஒரு கணம் பிடியே விட்டுப்போன மாதிரி இருந்தது. கொன்றுவிட்டேனோ என்று நினைத்தான்.

அப்புறம் சிவப்பு எரிந்தது. அந்தப் பக்கம் இழுத்தது பாருங்கள், இவன் முதுகு நாற்காலியை விட்டு எழும்பி வார் நெஞ்சில் அறுத்தது. காரியாபட்டி வளைவில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டிக்கெட் கிழித்த கை அது. வெறியோடு, வஞ்சத்தோடு இழுத்தது. இருளப்பன் தாங்கினான். மறுபடி பச்சை. மறுபடி சிவப்பு. யார் யாருக்கு எதிரி என்றே தெரியாத அளவுக்கு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது.

விளக்குகள் அணைந்தபோது டாக்டர் பலகையைத் தட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏறிருச்சு" என்றார். "நல்லாவே ஏறிருக்கு. நாற்காலி ஒங்களுக்குத்தான்."

தஸ்லிமா வாரை அவிழ்த்தாள். அவனைப் பார்க்காமலேயே அவிழ்த்தாள்.

வார்டுக்குத் திரும்பியபோது சூசை முன்பே வந்து படுத்திருந்தார். மோட்டுவளையைப் பார்த்த முகம். உள்ளங்கையில் கைப்பிடியின் தடம் சிவந்து கிடந்தது. இருளப்பன் தயாராக இருந்தான். மிஷின் வெறிபிடித்து இழுத்தது என்பார், உள்ளே எவனோ இருக்கிறான் என்பார், நாளைக்கு உட்கார மாட்டேன் என்பார். ஸ்பிரிங்தான்யா, கம்ப்யூட்டர் கூட்டிவிட்டிருக்கும் என்று சொல்ல வேண்டும். முகம் காட்டிக்கொடுக்காமல் சொல்ல வேண்டும்.

சூசை எதுவும் கேட்கவில்லை. மோட்டுவளையிலிருந்து பார்வையை எடுக்காமல் அவராகவே சொன்னார்.

"ஸ்பிரிங்க மாத்திட்டாய்ங்க போலய்யா. புது ஸ்பிரிங்கு. கொஞ்சம் முரட்டுத்தனமா இழுக்குது."

"ஆமா கண்டக்டரே. எனக்கும் மாத்திட்டாக."

"கம்ப்யூட்டர் பாத்துப் பாத்துக் கூட்டுமாம்ல."

"அப்படித்தான் அந்தப் பிள்ள சொல்லுச்சு."

இருளப்பன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். கிரைண்டர் ஓடுகிறது, சட்டினி அரைபடுகிறது என்று அத்தனை நாள் அளந்த மனுஷர். கொடுத்த மாத்திரையைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். இவ்வளவு லேசாக எதையும் நம்புகிற ஆள் இல்லை. கதவருகே தஸ்லிமா யாருடைய தலையணையையோ அவசியமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

டீ வண்டி வந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றது. இருளப்பன் வழக்கம்போலச் சூசையின் டம்ளரை எடுக்கக் கையை நீட்டினான். பாதியில் மடக்கிக்கொண்டான். இனிமேல் கூடாது. 'நீரே தூக்கிக் குடியும்' என்று எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தான்.

அதற்குள் சூசை கையை நீட்டினார். ஆடுகிற விரலால், இருளப்பனுடைய டம்ளரை அவன் கைக்கு எட்டாத கோடிக்கு மெல்லத் தள்ளிவைத்தார்.

"எட்டி எடுய்யா" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். "நான் என்ன ஒனக்குப் பண்ணையாளா?"